முகம் காயும் வரை

கொன்ஸ்ரன்ஸின் இரண்டு காதுகளிலும் பஞ்சை அடைத்துவிட்டு, "கேக்குதா?" என்றேன். "என்னக்கா?" என்றாள். அது போதும் என்று புருவத்திலும் முடியோரத்திலும் வசிலின் பூசத் தொடங்கினேன். அவளுடைய கையில் இன்னும் அந்தக் கடதாசி இருந்தது. மன்னாரிலிருந்து வந்து என் வீட்டில் தங்கியிருப்பவள் என்று பொலிஸ் சீல் குத்திக் கொடுத்த பதிவுக் கடதாசி. அதன் திகதி நேற்றோடு முடிந்திருந்தது.

காலையிலேயே சொன்னாள்.

"அக்கா, முதல்ல பொலிஸுக்குப் போயிட்டு வந்து முகம் தாறன். நேற்றோட முடிஞ்சு போச்சு."

"மத்தியானம் போவம். நான் பண்டேஜ் பக்கெற்றை உடைச்சிட்டன். இந்தக் கடல் காத்துக்கு நாளைக்கு அது உதவாது. இருபது நிமிஷம், வா."

நான் கொன்வென்றில் சித்திரம் படிப்பிக்கிறவள். பென்சில் சீவாமல் வருகிற பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிற்பாட்டுகிற ஆள். அப்படிப்பட்ட எனக்கு, என் வேலை என்று வந்துவிட்டால் மற்றவர்களின் அவசரம் கண்ணில் படாது. கொட்டாஞ்சேனையில் எங்கள் லேனில் இருக்கிற நாற்பது பேரின் முகங்களை அச்செடுத்து, பிளாஸ்ரரில் வார்த்து, அவரவர் உயரத்திலேயே சுவரில் மாட்டி, கீழே பெயரையும் எழுதிக் கண்காட்சி வைக்க வேண்டும். அது என் இரண்டு வருடப் பைத்தியம். தொண்ணூற்றாறில், ஒவ்வொரு சந்தியிலும் எங்கள் முகத்தையும் அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்க்கிறார்களே, ஒருமுறையாவது ஆற அமர நின்று பார்க்கட்டும் என்ற எரிச்சலில் தொடங்கியது. பலசரக்குக் கடை அலவி நானா முகம் கொடுத்துவிட்டு, "மையத்து மாதிரிக் கெடந்தேன் டீச்சர்" என்று, பிணமாய்க் கிடந்த கதையை லேன் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். முப்பத்தொன்பது முகங்கள் முடிந்துவிட்டன. கொன்ஸ்ரன்ஸ்தான் நாற்பதாவது. அந்த ஒன்றுக்காக நான் அந்தரப்பட்டேன், உண்மையைச் சொன்னால் அவ்வளவுதான்.

கடதாசியை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டு, அவளைக் கட்டிலில் படுக்க வைத்துப் போர்த்திவிட்டேன். மூக்கில் இரண்டு ஸ்ட்ரோ. எலும்பு முறிந்தவர்களுக்குச் சுற்றுகிற பிளாஸ்ரர் பண்டேஜை நனைத்து, நெற்றியிலிருந்து துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு வந்தேன். கண்ணும் வாயும் மூடியாயிற்று. இனிக் கையால்தான் கதை. ஒருமுறை அழுத்தினால் சுகம், இரண்டுமுறை அழுத்தினால் உடனே கழற்று.

கடைசித் துண்டை ஒட்டும்போது கதவு தட்டப்பட்டது. சுற்றிவளைப்பு, லேனை மறித்துவிட்டார்கள். இரண்டு பொலிஸ்காரர்களில் ஒருவன் பக்கத்து வீட்டுக்குப் போக, மற்றவன் உள்ளே வந்தான். நாற்பது வயதிருக்கும். வீட்டாரின் பதிவுப் பட்டியலை நீட்டினேன். அதில் மூன்று பெயர்கள். புளோறன்ஸ் ஆகிய நான், என் தங்கை றோஸி, தற்காலிகமாகக் கொன்ஸ்ரன்ஸ். றோஸி போன வருடமே சைப்ரஸுக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவளுடைய பெயரை வெட்டுவிக்கப் பொலிஸுக்கு அலைய எனக்குப் பஞ்சி.

"கவுத மே?" என்றான், கட்டிலில் கிடந்த வெள்ளை முகத்தைக் காட்டி. யார் இது.

"மகே நங்கி."

என் தங்கை என்று என் வாய்தான் சொன்னது, நான் யோசிக்கவில்லை. அலுமாரியில் றோஸி விட்டுப்போன அடையாள அட்டையையும் எடுத்துக் கொடுத்தேன். அப்படியென்றால் கொன்ஸ்ரன்ஸ் எங்கே என்று சிங்களத்தில் கேட்டான். பதிவைப் புதுப்பிக்கப் பொலிஸுக்குப் போயிருக்கிறாள் என்றேன். இது காய எவ்வளவு நேரம் என்று கேட்டான். இருபது நிமிடம் என்றேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் காதில் பஞ்சு. நாங்கள் பேசியது ஒன்றுமே அவளுக்குக் கேட்டிருக்காது. கழற்றியதும் இவன் பெயரைக் கேட்பான், அவள் தன் பெயரைச் சொல்வாள், திகதி முடிந்தவள் என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவளைப் பெற்றவர்களுக்கு நான் என்ன சொல்வது? பண்டேஜ் பழுதாகிவிடும் என்றுதான் மறித்தேன் என்றா?

போர்வைக்குள் அவளுடைய கையைப் பிடித்து, உள்ளங்கையில் நகத்தால் எழுதினேன். றோஸி. அவள் ஒருமுறை அழுத்தினாள். சுகமாம். மறுபடி எழுதினேன். மறுபடியும் சுகமாம். இருநூறு பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற எனக்கு, ஒரு உள்ளங்கையில் இரண்டு எழுத்தை விளங்கப்படுத்த முடியவில்லை. நாலாவது தரம் எழுதியபோது அவளுடைய கை அழுத்தவில்லை. சில்லிட்டுப்போய் அப்படியே இருந்தது.

அவன் எழுந்து வந்து குனிந்தான். மூச்சு வருகிறதா என்று ஸ்ட்ரோவுக்கு நேரே புறங்கையைப் பிடித்துப் பார்த்தான். பிறகு சுட்டுவிரலால் கன்னத்தில் அழுத்தினான். இன்னும் காயாத இடம், விரல் பதிந்துவிட்டது. பிடிபட்ட பிள்ளையைப் போலச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

நேரம் ஆனதும் கழற்றினேன். வசிலினும் வெள்ளைத் தூளும் வியர்வையுமாக, அவளுடைய முகத்தைப் பெற்ற தாயே அடையாளம் கண்டிருக்க மாட்டாள். அவன் அட்டையைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான்.

"நம மொகக்த?"

உன் பெயர் என்ன. செக் பொயின்ற்றுகளில் கேட்டுக் கேட்டு, அந்த இரண்டு சொல்லும் எங்களுக்கு உதட்டைப் பார்த்தாலே விளங்கும். அவள் என்னைப் பார்த்தாள்.

"றோஸி."

அவன் அட்டையைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனான்.

பஞ்சை எடுத்துவிட்டேன். "முதல்ல நீங்கள் கையில சிலுவை போடுறீங்கள் எண்டு நினைச்சன் அக்கா," என்றாள். நான்தான் அழுதேன். அவள் அழவில்லை. காய்ந்த அச்சைக் கையில் எடுத்து, அவன் விரல் பதிந்த குழியைத் தடவிப் பார்த்தாள்.

"இதுக்குக் கீழ எந்தப் பேர் எழுதப்போறீங்கள்?"

முகத்தைக் கழுவு, பொலிஸுக்குப் போவோம் என்றேன். போகாமல் விட முடியாது. அடுத்த சுற்றிவளைப்பில் றோஸி வந்து காப்பாற்ற மாட்டாள்.

மூன்று மணிக்குப் போனோம். வேறு சட்டை மாற்றித் தலையையும் வேறு மாதிரிப் பின்னியிருந்தாள். பதிவு மேசையில் வழக்கமாக இருக்கிற கண்ணாடிக்காரரைக் காணவில்லை. காலையில் வீட்டுக்கு வந்த அவன்தான் இருந்தான். எங்களுக்குப் பின்னால் நீட்டு வரிசை, வாசலில் துவக்கோடு காவல். திரும்பிப் போனால் அதுவே சந்தேகமாகிவிடும்.

அவன் கடதாசியை வாங்கி வாசித்தான். பிறகு தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். ஆற அமரப் பார்த்தான். அவளுடைய காதோரத்தில், நான் கவனிக்காமல் விட்ட ஒரு துளி பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. அவன் கண் அதில் போய் நின்றது.

"நம மொகக்த?"

"கொன்ஸ்ரன்ஸ்," என்றாள், முழுச் சத்தத்தில்.

அவன் பேனையின் மூடியைக் கழற்றினான். பதிவுப் புத்தகத்தின் மேல் அந்தக் கை அசையாமல் நின்றது. அதன் சுட்டுவிரல் நகத்துக்குள் வெள்ளையாகப் பிளாஸ்ரர் காய்ந்து கிடந்தது.