ஐந்தாவது ஜனாதிபதியின் நடுப்பெயர்

புதன்கிழமை மத்தியானம் கணவர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்த முக்கால் மணி நேரத்தில், கேள்வியம்மா ஐந்தாவது ஜனாதிபதியின் பெயரை மாற்றினாள். முழுப்பெயரையும் அல்ல, நடுப்பெயரை மட்டும். நாட்டின் ஜனாதிபதிகளுக்கெல்லாம் பெயர் மூன்று துண்டு. முதல் துண்டும் கடைசித் துண்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நடுத்துண்டுதான் பாவம், தபால்தலையில் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியுமாகச் சுருங்கிக் கிடக்கும். அந்த எழுத்துக்கு விரிவு என்ன என்று கேட்டால் பெரிய படிப்பாளிகளே கூரையைப் பார்ப்பார்கள். அதனாலேயே அவளுக்கு நடுப்பெயர்கள் என்றால் கொள்ளைப் பிரியம். இன்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, புது அட்டை ஒன்றில் கேள்வியை எழுதி, விடைக்கான இடத்தில் தன் பழைய மேலதிகாரியின் பெயரை எழுதினாள். முதல் எழுத்து ஒன்றுதான் என்பதால் பார்ப்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. ஒரு நாள் விடுப்பைக்கூட முகம் சுளிக்காமல் கொடுத்தறியாத அந்த மனிதருக்கு ஜனாதிபதியாகும் யோகம் இப்படி வாய்த்தது. சரியான விடை இருந்த அட்டையைக் கிழிக்க மனம் வராமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இது எலிப்பொறி. எலி யாரென்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

நகராட்சியின் வரைபடப் பிரிவில் அவள் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். ஆட்சி மாறும்போதெல்லாம் ஊர்களின் பெயர் மாறும். பழைய பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப்பெயரை எழுதுவது அவள் வேலை. சுரண்டிய பெயர்களெல்லாம் அவள் தலைக்குள் போய்ச் சேர்ந்தன. துறைமுக நகரத்துக்கு இதற்கு முன் என்ன பெயர், அதற்கும் முன் என்ன பெயர், பேருந்து நிலையம் இருக்கும் தெருவை எண்பது வருடத்துக்கு முன் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஓய்வுபெற்ற மறு மாதமே நூலகத்து மாடி அறையில் சனிக்கிழமை சாயங்கால வினாடி வினாவை அவள் தொடங்கினாள். எட்டு அணிகள், பதினாறு கேள்விகள், ஜெயித்த அணிக்கு ஒரு வாரம் வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு பித்தளைக் கோப்பை. மூன்று வருடத்தில் அந்தக் கோப்பைக்காக இரண்டு சம்பந்திகள் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருக்கிறார்கள். கேள்வியம்மாவின் மரியாதை அப்படி.

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. ஒருமுறை கேட்ட கேள்வியை மறுமுறை கேட்கக் கூடாது. இதற்கென்றே இரண்டு செருப்புப் பெட்டிகள். ஒன்றில் 'கேட்காதது' என்றும் மற்றதில் 'கேட்டது' என்றும் அவளே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். புதன்கிழமை பதினாறு அட்டைகளை எடுத்துக் கணவரிடம் கொடுப்பாள். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். கணினியில் அடித்து, அச்செடுத்து, உறையில் போட்டு ஒட்டிவிடுவார். சனிக்கிழமை கூட்டத்தின் முன்னால்தான் அவள் உறையைப் பிரிப்பாள். போட்டி முடிந்ததும் ஒவ்வோர் அட்டையின் பின்பக்கத்திலும் பென்சிலால் தேதியைக் குறித்து 'கேட்டது' பெட்டியில் போடுவதும் அவர் பொறுப்பு. அட்டையின் முன்பக்கம் அவளுடையது, பின்பக்கம் அவருடைய இலாகா. அவள் அதைத் திருப்பிப் பார்த்ததுகூடக் கிடையாது.

அப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததில்தான் ஏழு வாரமாக மண் விழுந்தது. அவளுடைய சொந்தத் தம்பி ஜெயிக்க ஆரம்பித்தான்.

தம்பி பேருந்துப் பணிமனையில் கணக்கர். மூன்று வருடமாகக் கடைசி இடத்தைப் பட்டா போட்டு வைத்திருந்தவன். அவன் அணியில் இரண்டு ஓட்டுநர்கள், ஒரு டயர்க்கடைக்காரர். நாலு பேருக்கும் சேர்த்து இரண்டு ஜனாதிபதிகளைத் தெரிந்தால் அதிகம். அப்பேர்ப்பட்ட அணி ஏழு வாரமாகக் கோப்பையை வீட்டைவிட்டு வெளியே விடவில்லை. கேள்வி முடிவதற்குள் பென்சில் ஓடுகிறது. மற்ற அணிகள் முணுமுணுப்பது மேடைவரை கேட்டது. சொந்தத் தம்பி வேறு. யார் கை காட்டினாலும் அந்தக் கை தன் பக்கம்தான் நீளும் என்று அவளுக்குத் தெரியும். நேர்மை என்று ஒன்றைத்தான் அவள் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்தாள்.

கேள்விகளைப் பார்ப்பவர் ஒரே ஒருவர். அவர் நடவடிக்கையும் சரியில்லை. வியாழக்கிழமை தட்டச்சு முடிந்ததும் காற்று வாங்கப் போகிறேன் என்று பணிமனைப் பக்கமே போகிறார். டீசல் புகையில் என்ன காற்று? தம்பி போன் செய்தால் பால்கனிக்கு எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். அவள் உள்ளே வந்தால் பேச்சு வானிலைக்குத் தாவுகிறது. அதைவிட எரிச்சலானது, கொஞ்ச நாளாக அவர் அவளையே துருவ ஆரம்பித்திருந்தார். கையில் செய்தித்தாளை வைத்துக்கொண்டே, "இன்னிக்கு என்ன கிழமைம்மா?" என்பார். காய் நறுக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "நாம மொதல்ல குடியிருந்தோமே, அந்தத் தெருவுக்குப் பழைய பேரு என்ன? சும்மா சொல்லேன்" என்பார். அவள் டக்கென்று சொன்னால் முகம் மலர்ந்து போவார். கேள்விகளைக் கறக்கிற வித்தை இது என்று அவள் கத்தியை அழுத்தி நறுக்கினாள்.

முடிவெட்டி வந்த கணவரிடம் பதினாறு அட்டைகளையும் கொடுத்தாள். தம்பி சனிக்கிழமை மேலதிகாரியின் பெயரை எழுதினான் என்றால் இரண்டு பேரின் குட்டும் ஒரே சமயத்தில் வெளிப்படும். அன்றிரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்த மனுஷனுக்குப் பொறி வைக்கிறோமே என்றிருந்தது. அடுத்த நிமிஷமே, அவர் செய்யலாம், நான் செய்யக் கூடாதா என்றும் இருந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு மாடி அறை நிறைந்துவிட்டது. நூலகர் வழக்கம்போல மூக்கை உறிஞ்சிக்கொண்டு விடைத்தாள்களை வாங்க நின்றார். ஒன்பதாவது கேள்விவரை அவள் குரல் சீராக இருந்தது. பத்தாவதில் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஐந்தாவது ஜனாதிபதியின்..." என்றதுமே தம்பியின் பென்சில் ஓடத் தொடங்கியது. அவள் "நடுப்பெயர் என்ன?" என்று முடித்தபோது தம்பி காகிதத்தை மடித்தே விட்டான். அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கடைசி வரிசையில், தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நூலகர் கொண்டுவந்த சீட்டுகளில் தம்பியுடையதை முதலில் பிரித்தாள். அதில் மேலதிகாரி இல்லை. சரியான பெயர் இருந்தது, எழுத்துப் பிழைகூட இல்லாமல். அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு கையிலிருந்த அச்சுத் தாளைப் பார்த்தாள். பத்தாவது கேள்விக்கு நேரே அதே சரியான பெயர்தான் அடித்திருந்தது. ஆக, கணவர் திருத்தியிருக்கிறார். திருத்திவிட்டு மச்சானுக்குக் கொடுத்திருக்கிறார். திருட்டிலும் என்ன ஒரு சுத்தம்! கோபத்தில் அவள் காது சூடாகிவிட்டது. மீதி ஆறு கேள்விகளையும் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தாள். எட்டாவது வாரமாகக் கோப்பை தம்பிக்கே போனது. யாரும் கைதட்டவில்லை.

கூட்டம் கலையும்போது மாடிப்படித் திருப்பத்தில் தம்பியை மறித்தாள். அவன் சட்டைக்குள் எதையோ செருகியிருப்பதை அவள் முன்பே பார்த்திருந்தாள்.

"எடு அத."

"எத அக்கா?"

"எடுன்னு சொன்னேன்."

அழுக்கேறிய ஒரு நோட்டு. பணிமனையின் பெயர் அச்சடித்த டீசல் கணக்கு நோட்டுதான். உள்ளே பக்கம் பக்கமாகக் கேள்விகள், விடைகள், ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒரு தேதி. மாடிப்படியின் மேலே கணவரின் முகம் தெரிந்தது. நோட்டைப் பார்த்ததும் அவளைத் தாண்டி இறங்கி, பேருந்து நிறுத்தத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். குற்றமுள்ள நெஞ்சு, ஓடட்டும் என்று விட்டுவிட்டாள்.

"எவ்வளவு நாளா உங்க மாமா இதக் குடுக்கறாரு?"

"மாமா ஒண்ணும் குடுக்கல அக்கா." தம்பி சுவரைப் பார்த்துப் பேசினான். "நீ கேட்டதத்தான் எழுதி வச்சேன். மூணு வருஷமா. ஜெயிச்சவன் எதுக்கு எழுதப்போறான், தோத்தவன்தானே எழுதி வைப்பான். எப்பவாவது உதவும்னு வச்சேன்."

"நான் கேட்டதா?"

"தேதியப் பாரு."

பார்த்தாள். ஐந்தாவது ஜனாதிபதி இருந்தார். துறைமுக நகரத்தின் பழைய பெயர் இருந்தது, பேருந்து நிலையத் தெரு இருந்தது. இன்று வாசித்த பதினாறும் அதே வரிசையில் இல்லாவிட்டாலும் அவளுடைய வார்த்தைகளிலேயே இருந்தன. மேலே இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி.

"முதல் வாரம் நீ வேணும்னேதான் கேக்கறேன்னு நெனச்சேன்" என்றான் தம்பி. "ரெண்டாவது வாரம்தான் மாமாகிட்டப் போய்ச் சொன்னேன். அவரு என் கையப் புடிச்சுக்கிட்டு, அவகிட்ட மட்டும் சொல்லிடாதேன்னாரு. என் அணிக்காரனுங்களுக்கும் விவரம் தெரியாது, ஜெயிக்கறோம்னு குஷியா இருக்கானுங்க. வேணும்னே நாலஞ்சு தப்பாக்கூட எழுதிப் பாத்தேன் அக்கா. அப்பவும் நாங்கதான் ஜெயிச்சோம்."

அவள் அவனை நம்பவில்லை. இரண்டு கள்ளர்களும் சேர்ந்து தேதியை நேற்றுகூட எழுதியிருக்கலாம். நோட்டை அவன் மார்பில் திணித்துவிட்டு வெளியே வந்தாள். பேருந்துக்குக் காத்திருக்கப் பிடிக்காமல் நடந்தாள். தபால் நிலையத்துத் திருப்பத்தில்தான் கைப்பைக்குள் கிடந்த அட்டை நினைவுக்கு வந்தது. புதன்கிழமை அவள் ஒளித்து வைத்த அசல் அட்டை. சுவரோரம் நின்று அதை எடுத்தாள். மூன்று வருடத்தில் முதல்முறையாக ஓர் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தின் மூலையில், கணவரின் பொடி எழுத்தில், பென்சிலால் ஒரு தேதி. நோட்டில் பார்த்த அதே தேதி.

சுவரில் சாய்ந்தபடி கணக்குப் போட்டாள். எட்டு வாரம், வாரத்துக்குப் பதினாறு. நூற்றிருபத்தெட்டு கேள்விகள் அவள் வாயால் இரண்டாம் முறை வந்திருக்கின்றன. அவளே எழுதியவை, அவளே ஒருமுறை வாசித்தவை. அதில் ஒன்றுகூட இதை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று அவளைத் தடுக்கவில்லை. துறைமுக நகரத்தின் மூன்று பெயர்களையும் அங்கேயே நின்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். மூன்றும் வந்தன. போன சனிக்கிழமை கேட்ட கேள்வி ஒன்றைச் சொல்லப் பார்த்தாள். எதிரே வந்த பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்னம்மா, வழி தெரியலையா?" என்று கேட்டார். "தெரியும், தெரியும்" என்று வேகமாக நடந்தாள்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. சாப்பாட்டு மேசைமேல் இரண்டு செருப்புப் பெட்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கணவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"வா, உக்காரு. தப்பு எங்கன்னு கண்டுபுடிச்சுட்டேன்" என்றார், நீதிமன்றத்தில் வாக்குமூலத்தைத் திருப்பி வாசிப்பதுபோல. "ரெண்டு மாசம் முன்னாடி பெயிண்ட் அடிச்சோமில்ல? அப்ப இந்த லேபிள் ரெண்டும் உரிஞ்சு விழுந்துச்சு. நான்தான் எடுத்து ஒட்டினேன். மாத்தி ஒட்டித் தொலைச்சிருக்கேன், பாரு. கேட்ட அட்டைங்க இருக்கற பெட்டியில கேட்காததுன்னு இருக்கு. நீ லேபிளப் பாத்துத்தானே எடுப்பே? எல்லாம் என் தப்பும்மா."

அவள் பெட்டிகளைப் பார்த்தாள். உண்மைதான். பென்சில் தேதியிட்ட அட்டைகள் இருந்த பெட்டியின் மேல் அவள் கையெழுத்தில் 'கேட்காதது' என்றிருந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அவ்வளவுதானா? லேபிள் மாறிய விஷயமா? சிரிப்புக்கூட வந்தது.

"தேதி போடறப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான்..." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேரம் வரல."

"ஐந்தாவது ஜனாதிபதிய எதுக்குத் திருத்தினீங்க?"

"அதுவா? உன் பழைய ஆபீசர் பேர எழுதி வச்சிருந்தே. முதல் எழுத்து ஒண்ணுங்கறதால கை தவறியிருக்கும்னு மாத்திட்டேன். அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல."

அவர் முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு விளங்கிவிட்டது. மற்ற எல்லாவற்றையும்விட அவரைப் பயமுறுத்தியிருப்பது அந்த ஒரு பெயர்தான். அதை வேண்டுமென்றேதான் எழுதினேன் என்று சொல்லிவிடலாம். உங்கள்மேல் சந்தேகப்பட்டுப் பொறி வைத்தேன் என்று சொல்லிவிட்டால், அவர் பயத்தில் பாதியாவது தீரும். வாய்வரை வந்தது. ஆனால் சொன்னால் நம்புவாரா? மறந்துபோனதை மறைக்க ஒரு கதை கட்டுகிறாள் என்றல்லவா நினைப்பார். நம்பினாலோ, முப்பத்தாறு வருடத்துக்கு அது ஒரு பதிலா?

"டீ போடறேன்" என்று அவர் சமையலறைக்குள் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஏதோ ஒட்டிக்கொண்டதைத் தேய்த்துக் கழுவுவதுபோல நெடுநேரம் தண்ணீர் ஓடியது.

அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். லேபிள் பழையதுதான், பழுப்பேறிய காகிதம், அவளுடைய எழுத்து. ஒரு மூலை மட்டும் புதிதாகக் கிழிந்து வெள்ளையாகத் தெரிந்தது. விரலை வைத்தாள். லேபிள் அட்டையின் மேல் இலேசாக வழுக்கி நகர்ந்தது. விரல் நுனியில் ஈரப்பசை பிசுபிசுத்தது.

உள்ளே குழாய் நின்றது. கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. "சர்க்கரை கம்மியாத்தானே?" என்று அவர் குரல் கொடுத்தார். "ஆமா" என்றாள். நகர்ந்த லேபிளை நேராக்கி, தூக்கிக்கொண்டு நின்ற ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, அது ஒட்டும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.