நத்தை தின்ற இடங்கள்

வாய்க்கால் முனை ஒலிபெருக்கி தொண்டை கிழியக் கத்தியது: புகையான் பூச்சிக் கூட்டம் விளக்குப்பொறியில் விழுந்து ஓய்ந்த பிறகுதான் விதைக்க வேண்டும், எல்லாரும் ஒரே வாரத்தில். ஊர் காத்திருந்தது. லூயென் காத்திருக்கவில்லை. புருஷன் தோவானின் முதல் திவசத்துக்குப் புது அரிசிச் சோறு வைத்தே ஆக வேண்டும் அவளுக்கு. பத்து நாள் முந்தி விதைத்தாள்.

சுற்றுவட்டாரத்தில் அவள் வயல் மட்டும்தான் பச்சை. புகையானுக்கு வேறு போக்கிடம் ஏது? கூட்டம் மொத்தமும் அங்கே இறங்கியது. மருந்தடித்தாள், பூச்சி செத்து மிதந்தது. அப்பாடா என்றிருந்தது. வெளியே மூச்சு விடவில்லை. தெரிந்தால் ஊர் நாறடித்துவிடும்.

பக்கத்து வயல் நாத்தனார் துயெத்துடையது. ஐந்து வயிறு அதை நம்பி. அவள் ஒலிபெருக்கி சொன்ன நாளில்தான் விதைத்தாள், ஆனால் நத்தை புகுந்து திட்டுத்திட்டாகத் தின்றுவிட்டது.

"என்னடி லூயென், என் வயலு சொட்டைத் தலையா நிக்குது. உன்னுதுல அடர்த்தியா இருக்கே, கொஞ்சம் பிடுங்கி நட்டுக்கட்டுமா?"

"எடுத்துக்குங்க அண்ணி."

"புகையான் ஏதும் விழுந்துச்சா?"

"சேச்சே, இல்ல அண்ணி."

"கெட்டிக்காரிடி! ஒலிபெருக்கிக்காரன் மூஞ்சில கரியைப் பூசிட்டே."

அன்று பகல் முழுக்க லூயெனும் கூடவே இறங்கி நட்டாள். வரப்பில் உட்கார்ந்து கருவாடும் சோறும் சேர்ந்து தின்றார்கள்.

மூன்று வாரத்தில் லூயெனின் பயிர் வெளுத்தது. பசி என்று நினைத்து உரம் வீசினாள். பயிர் வளரவில்லை, தோகை நுனி முறுக்கிக்கொண்டது. பார்க்க வந்த வேளாண்மை ஆபீஸ் அம்மா ஒரு தூரைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

"புகையான் கொண்டாந்த நோய்ம்மா. பூச்சியைக் கொன்னுட்டீங்க, சரி. அதுக்கு முன்னாடியே அது கடிச்சு உள்ள விட்டுட்டுப் போயிருச்சு. இதுக்கு மருந்து கிடையாது. உழுது போடுங்க."

லூயென் தன் பயிரை நினைக்கவில்லை. துயெத்தின் வயலுக்கு ஓடினாள்.

நத்தை தின்ற இடங்கள் அத்தனையும் மஞ்சள். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒவ்வொரு மஞ்சளையும் சுற்றி, துயெத் தானே விதைத்த பயிரும் வெளுக்கத் தொடங்கியிருந்தது. அவள் முழங்கால் சேற்றில் நின்று பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் கேட்டேன்ல?"

"கேட்டீங்க அண்ணி."

"இல்லன்னியே."

"உங்க தம்பிக்காகத்தான் அண்ணி அவசரப்பட்டேன். முதல் திவசம்..."

துயெத் நிமிர்ந்தாள். கத்துவாள் என்று லூயென் எதிர்பார்த்தாள், கத்தியிருந்தால் தேவலை.

"ஊருக்குச் சொன்ன நாளுக்கு முந்தி என் தம்பி ஒரு பிடி விதைச்சதில்ல. அவன் தலையில போடாத."

லூயென் உதவிக்கு இறங்கப் போனாள். "கால வைக்காத" என்றாள் துயெத்.

திவசத்தன்று கடை அரிசிதான் வெந்தது. தோவான் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம், துயெத்துக்கு ஒரு கிண்ணம் என்று லூயென் எடுத்து வைத்தாள். சாயங்காலம் வரை வாசலையே பார்த்திருந்தாள். இரண்டு கிண்ணமும் வைத்தபடியே ஆறிப்போயின.