நகம் பதிந்த பாறை

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வதென்றால் எனக்கு வேப்பங்காய். இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். மருமகள்கள் இரண்டு பேரும் அடுப்படியில் முட்டிக்கொள்வோம் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். நாங்கள் பாறைக்காக முட்டிக்கொண்டோம். ஒரே எரிவாயு நிறுவனத்தில், நான் அக்கா என்று கூப்பிடும் அவள் பாறையைச் சோதிப்பவள், நான் பம்பு போட்டு அதை உடைப்பவள்.

ஷேல் என்ற அடுக்குப் பாறைக்குள் வாயு அடைபட்டுக் கிடக்கும். அழுத்தத்தோடு தண்ணீரை அடித்து விரிசல் போட்டு, அது மூடிக்கொள்ளாமல் இருக்க மணலைத் திணிப்போம். எங்கள் கிணற்றில் கரிய அடுக்கில்தான் வாயு அதிகம். அது நன்றாக நொறுங்கும் என்று அக்காவே அறிக்கை கொடுத்திருந்தாள். பம்புகளும் வந்து இறங்கிவிட்டன. அந்த வாரம் அவளுக்கு ஆய்வுக்கூடத் தலைமைப் பதவி வரவேண்டும். பல வருஷமாய்க் காத்திருந்த பதவி.

அந்த நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டாள். சோதனையில் மிஞ்சிய கரிய துண்டு ஒன்று, நான் கிணற்றில் அடிக்கப்போகும் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

"நகத்தால கீறிப் பாரு."

கீறினேன். பதிந்தது.

"கிடங்குல கிடந்து காய்ஞ்சிருக்கு. காய்ஞ்சதைத்தான் நான் சோதிச்சேன். உள்ள அவ்வளவும் களிமண், தண்ணி பட்டா குழையுது."

அதே பாறையில் வெட்டி ஊறவைத்த இரண்டு வில்லைகளுக்கு நடுவே மணலைத் தூவி இயந்திரத்தில் வைத்து அழுத்தினாள். பிரித்துப் பார்த்தால் மணலைக் காணோம். அத்தனையும் பாறைக்குள் புதைந்திருந்தது. கிணற்றிலும் இப்படியானால் விரிசல் மூடிக்கொள்ளும். கீழ் அடுக்கில் குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம் அதிகம், அதில் மணல் அப்படியே நின்றது. அங்கே உடைத்து, விரிசல் மேலே கரிய அடுக்கைத் தொட்டால் போதும், வாயு வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு அக்கா," என்றேன். "பதவி வரட்டும். நான் ஏதாவது சாக்கு சொல்லிக் கீழ உடைக்கிறேன்."

"என் அறிக்கையை நம்பி அடுத்த கிணத்துல யாராவது கரிய அடுக்கை உடைச்சா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

மறுநாள் கூட்டத்தில் அந்தத் துண்டை மேஜையில் வைத்தாள். பெரிய அதிகாரி, "அப்போ முதல் அறிக்கை யார் கொடுத்தது?" என்றார்.

"நான்தான் சார். தப்பா கொடுத்துட்டேன்."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. நானாக இருந்தால் கிடங்குக்காரர் தலையில் கட்டியிருப்பேன். அவளைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

கீழ் அடுக்கில் உடைத்தோம். பம்பை நிறுத்தி, காத்திருந்து, வால்வைத் திறந்தபோது வாயு சீறிக்கொண்டு வந்தது. நாள் பூராவும் குறையவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"விரிசல் மூடலைக்கா. நீ சொன்னதுதான் சரி."

"அப்பாடா," என்றாள். "பதவி வேற ஆளுக்குப் போயிடுச்சு. இப்பதான் தகவல் வந்துச்சு."

நான் வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்தேன்.

"அதை வீட்டுக்கு வந்து திட்டு. எவ்வளவு அழுத்தத்துல உடைஞ்சுது, முதல்ல அதைச் சொல்லு."

எண் என் கண் முன்னால் திரையில்தான் இருந்தது. திட்டுவதை விட்டுவிட்டு அதை ஒவ்வொரு இலக்கமாகப் படித்துச் சொன்னேன்.