வகுளா ஏன் பஸ்ஸில் போனாள்?

1

ஐந்தரைக்கு எழுந்திருக்கிறேன். பாலைக் காய்ச்சுகிறேன். டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் வாசலில் தண்ணீர் தெளிக்கிறேன். கோலம் போட வராது, தெளிப்பதோடு சரி. குழந்தையை எழுப்பிப் பல் தேய்த்துவிடுகிறேன். இட்லித் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் மனைவி வகுளாவின் குழந்தை மருத்துவப் புத்தகத்தை உரக்கப் படிக்கிறேன். ஆங்கிலம். குழந்தைக்கும் புரியாது, எனக்கும் பாதி புரியாது. ஆனால் அந்தச் சத்தம் இல்லாமல் அவள் வாயைத் திறப்பதில்லை. வகுளா பால் கொடுத்துக்கொண்டே பாடம் படித்ததன் விளைவு.

[உண்மையில் அந்தப் புத்தகத்தில் நான் ஒரு வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்திலிருந்து, வரிசையாக. எந்த வாக்கியம் என்பது கடைசியில் வரும்.]

எட்டு மணிக்கு மாமியார் ரங்கம்மா வருவார். அடுத்த தெருதான். குழந்தையை அவரிடம் விட்டுவிட்டுப் பொன்மலைக்குப் போவேன். ரயில்வே பணிமனையில் எழுத்தர் வேலை.

சென்ற மாதம் ஒரு காலையில், நான் பக்கத்தை முடிப்பதற்குள், மூன்று வயதாகப்போகும் என் மகள் கேட்டாள்:

"அப்பா, நான் அம்மாவ முழுங்கிட்டேனா?"

"யார் சொன்னா?"

"பாட்டி. அம்மாவ முழுங்கினவளுக்கு இட்லி முழுங்கத் தெரியலையான்னா."

"இல்ல. ஆ காட்டு."

வாயைத் திறந்தாள். ஊட்டினேன். விழுங்கினாள். இந்தக் கதை அங்கே தொடங்கியது. குழந்தையின் பெயரை எழுதப்போவதில்லை. ஒருநாள் அவள் இதைப் படிப்பாள்.

2

முதல் தொடக்கம்: "1981ஆம் ஆண்டு மே மாதம், மருத்துவக் கல்லூரி மாணவி வகுளா ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு"

நிறுத்திவிட்டேன். 'பெற்றுவிட்டு' என்று எழுதியதும் பேனா 'இறந்தாள்' பக்கம் சாய்கிறது. நம் கதாநாயகிகளுக்கு அது ஒரு பழக்கம். வகுளா பெற்றுவிட்டு எழுந்து உட்கார்ந்து, காபியில் சர்க்கரை குறைவு என்றாள்.

இரண்டாம் தொடக்கம்: "காவிரிப் பாலத்தின் மேல்"

அடித்துவிட்டேன். ஸ்ரீரங்கத்துக்காரன் காவிரியில் தொடங்கினால் மறுகரை சேர நேரமாகும்.

மூன்றாவது, வெறும் தகவல். இதையே வைத்துக்கொள்கிறேன். திருச்சியில் மருத்துவக் கல்லூரி கிடையாது. தஞ்சாவூர் போக வேண்டும். வகுளா நான்காம் வருஷம் படிக்கும்போது எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. அதன்பின் ஹாஸ்டலை விட்டுவிட்டு வீட்டிலிருந்து போய்வந்தாள். ஜங்ஷன் வரை டவுன் பஸ், அங்கிருந்து காலைப் பாசஞ்சர். ரயிலுக்குச் சீசன் டிக்கெட் வைத்திருந்தாள். சீசன் டிக்கெட்டை நினைவில் வையுங்கள்.

கடைசி வருஷத்தில் உண்டானாள். ரங்கம்மா சொன்னார்: "ஒரு வருஷம் நின்னுக்கோயேண்டி. படிப்பு எங்க ஓடிப்போறது?"

"நான் நிப்பேம்மா. அடுத்த வருஷம் குழந்தை ஓடும், அது நிக்குமா?"

3

வகுளா என்ற கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. எழுத எழுதத் தியாகியாகிக்கொண்டே போகிறாள். ஆகவே ஒரு காட்சி. இதில் நான் இல்லை. அவள் வீட்டில் நடித்துக் காட்டியது. எல்லாருடைய வசனத்திலும் அவள் கொஞ்சம் இருக்கிறாள்.

ஏப்ரல். மகப்பேறு மருத்துவத்தில் இறுதித் தேர்வு. கட்டிலில் எட்டு மாதக் கர்ப்பிணி, ராக்கம்மாள். கட்டிலுக்குப் பக்கத்தில் எட்டு மாதக் கர்ப்பிணி, வகுளா. எதிரே வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர்.

"இந்த அம்மாவுக்கு என்ன அட்வைஸ் குடுப்பீங்க?"

"மத்தியானம் ரெண்டு மணி நேரம் படுக்கணும் சார். ரொம்ப நேரம் நிக்கக் கூடாது. தூரப் பிரயாணம் கூடாது. ராத்திரி கண் முழிக்கக் கூடாது."

"குட். நீங்க ஹாஸ்டலா?"

"இல்ல சார். ஸ்ரீரங்கம். தினம் பஸ்ஸும் ரயிலும்."

"நேத்து ராத்திரி எத்தனை மணி வரைக்கும் படிச்சீங்க?"

வகுளா வாயைத் திறப்பதற்குள் ராக்கம்மாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"நல்லாருக்கே ஞாயம்! டாக்டரம்மா, நீங்க வந்து இப்படிப் படுங்க. நான் நின்னுக்கிறேன். அவரு கேக்கறத எங்கிட்ட கேக்கட்டும். நாலு பெத்தவ நான்."

தேர்வாளர் சிரித்துவிட்டார். ஒரு ஸ்டூல் கொண்டுவரச் சொன்னார். வகுளா உட்கார்ந்துகொண்டு மீதிப் பதில்களைச் சொன்னாள். பாஸ்.

"பாதி மார்க் ராக்கம்மாளோடது" என்பாள்.

பாஸான பிறகும், குழந்தை பிறந்த பிறகும் படிப்பு ஓயவில்லை; அடுத்து வார்டு வேலை. மடியில் குழந்தை, தலையணை மேல் புத்தகம். தாலாட்டுப் பாடினால் அழும். நுரையீரல் நோய்களைப் படித்தால் தூங்கிவிடும்.

4

இப்போது அந்தப் பகுதி.

அதே வருஷம் அக்டோபர். வகுளா தஞ்சாவூரிலேயே ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி டாக்டராக, சேர்ந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. குழந்தைக்கு ஐந்து மாதம். தஞ்சாவூர் சாலையில், திருவெறும்பூர் தாண்டி, பழுதாகி நின்றிருந்த ஒரு நெல் லாரியின் பின்னால் அவள் போன பஸ் மோதியது. பலருக்குச் சிராய்ப்பு. இறந்தது அவள் ஒருத்தி.

[இதற்குப் பிறகு எழுதிய மூன்று வாக்கியங்களை அடித்துவிட்டேன். மூன்றிலும் சாலையில் நெல்மணிகள் சிதறிக் கிடந்தன. நான் அங்கே இல்லை. நெல் சிதறியதா என்று எனக்குத் தெரியாது.]

5

இதுவரை எழுதியதைப் பத்திரிகை ஆசிரியர் சகாயநாதனிடம் கொடுத்தேன். ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர். மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு மாடி அறையிலிருந்து சிறுபத்திரிகை நடத்துகிறார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. கதையில குழந்தை எதுக்கு?"

"பொறந்துடுத்து சார்."

"அது வாழ்க்கையில. கதையில பொறந்தா அதுக்கு ஒரு வேலை இருக்கணும்ல?"

"அஞ்சு மாசம் சார். பால் குடிக்கறதுதான் வேலை."

"அதில்ல தம்பி. அவங்க பிரசவத்துலயே போயிட்டாங்கன்னு வைங்க. படிப்பு ஒரு பக்கம், புள்ள ஒரு பக்கம், நடுவுல சாவு. கதை கல்லு மாதிரி நிக்கும். இப்ப என்னடான்னா, ஒரு லாரி வந்து குறுக்க நிக்குது."

"அன்னிக்கும் குறுக்கதான் சார் நின்னுது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். டீ வாங்கிவரச் சொன்னார். குடித்துவிட்டு நான் படியிறங்கும்போது மேலிருந்து கேட்டார்:

"ஆமா, சீசன் டிக்கெட்டுன்னு எழுதியிருக்கீங்களே. அப்புறம் அவங்க ஏன் பஸ்ல போனாங்க?"

நல்ல ஆசிரியரும்கூட.

6

அதே கேள்வியை ரங்கம்மா அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"சீசன் டிக்கெட் இருக்கறச்சே அவ ஏன் பஸ்ல ஏறினா?"

"ரயில் லேட் மாமி" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். ரயில்வேக்காரனே சொன்னால் யாரும் சந்தேகப்படுவதில்லை. அன்று பாசஞ்சர் சரியான நேரத்துக்குப் புறப்பட்டது.

அந்தப் பதில் போதாமல் அவர் ஜோசியரிடம் போனார். ஜோசியர் குழந்தையின் நட்சத்திரத்தைப் பார்த்துத் தாய்க்கு ஆகாது என்றார். அவரும் சகாயநாதனும் சந்தித்ததில்லை. ஒருவர் நெற்றியில் நாமம், ஒருவர் கழுத்தில் சிலுவை. தொழில் ஒன்றுதான்: குழந்தைக்கு வேலை கொடுப்பது.

மகள் அப்படிக் கேட்ட அன்று மாலை ரங்கம்மாவிடம் பேசினேன். குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். பின்னி முடித்து அவளை வாசலுக்கு விளையாட அனுப்பும்வரை காத்திருந்தேன்.

"மாமி, குழந்தைகிட்ட முழுங்கினே கிழுங்கினேன்னெல்லாம் சொல்லாதீங்கோ."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதுக்கு என்ன தெரியும்?"

"எங்கிட்ட கேட்டா. முழுங்கிட்டேனான்னு."

சீப்பிலிருந்து முடியை எடுத்து விரலில் சுற்றினார். வெகுநேரம் சுற்றினார். [இந்தக் குழந்தைக்கு அம்மை போட்டபோது பக்கத்திலேயே கிடந்தவர் அவர்தான். இதை எழுதாவிட்டால் அவர் வில்லியாகிவிடுவார், கதைக்கு வசதி.]

"மாப்பிளே, ஒரு காரணமும் இல்லாம எம்பொண்ணு போயிட்டான்னு வெச்சுண்டா, நான் கார்த்தால எழுந்துண்டு எந்த முகத்தோட பெருமாளைச் சேவிப்பேன்? அவர் சும்மாவா பாத்துண்டு இருந்தார்? வேற ஒரு காரணம் குடுங்கோ. இவளை விட்டுடறேன்."

என்னிடம் ஒரு காரணம் இருந்தது. கொடுக்கத்தான் முடியவில்லை.

7

அதை எழுதுகிறேன். பிறகு அடிப்பதா என்று பார்க்கலாம்.

அன்று காலை வகுளா கிளம்பி வாசலுக்குப் போய்விட்டாள். தோளில் பை, கையில் மடித்த வெள்ளைக் கோட்டு. செருப்பில் கால் வைத்தவள் திரும்பி உள்ளே வந்தாள். அப்போதுதான் பால் குடித்துவிட்டு என் மடியில் கிடந்த குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். குழந்தை கக்கியது. தோளிலிருந்து இடுப்பு வரை பால்.

"மேல கோட்டுதானே போடப்போற? அப்படியே போ" என்றேன்.

"வார்டுல பத்து அம்மா நடுவுல நானும் புளிச்ச பால் வாசனையோட நின்னா, என்னையும் ஒரு கட்டில்ல படுக்க வெச்சுடுவா."

வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள். ஜங்ஷனுக்குப் போவதற்குள் ரயில் போய்விட்டிருக்கும். ஆகவே பஸ்.

அவ்வளவுதான். ஒரு வாய்ப் பால்.

ஜோசியர் தப்பான வழியில் கணக்குப் போட்டுச் சரியான விடைக்கு வந்துவிட்டார். [இந்த வாக்கியத்தை அடிக்கிறேன். அடுத்த பிரதியில் மறுபடி வந்துவிடுகிறது.]

இனி முடிவுகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

அ. ரங்கம்மாவிடம் சொல்லிவிடுகிறேன். அவருக்குக் காரணம் கிடைக்கிறது. பெருமாள் தப்பிக்கிறார். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் வந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு,

[முடிக்கவில்லை.]

ஆ. சகாயநாதனிடம் சொல்கிறேன். குழந்தைக்கு வேலை கிடைத்துவிட்டது. மகிழ்ந்து முதல் பக்கத்தில் போடுகிறார்.

இ. இந்தப் பகுதியைக் கிழித்துவிடுகிறேன். ரயில் லேட். மகள் வளர்கிறாள். அம்மாவின் மூளை. ஒருநாள் கேட்கிறாள்: "எவ்வளவு லேட்ப்பா?"

ஈ. பாலோடு ஏன் நிற்க வேண்டும்? இன்னும் பின்னால் போகலாம். அந்தத் தேர்வாளர் பெயில் போட்டிருந்தால் வகுளா அக்டோபரில் வீட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். அவர் சிரித்ததால் பாஸ் போட்டார். ராக்கம்மாள் எழுந்து உட்கார்ந்ததால் சிரித்தார். ஆகவே வகுளா போனதற்கு ராக்கம்மாள்தான் காரணம். இதை ராக்கம்மாளிடம் போய்ச் சொல்ல உங்களுக்கு வாய் வருமானால், என் மகளிடமும் சொல்லுங்கள்.

எது முடிவு என்பது உங்கள் பாடு. நான் நாளை ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டும்.

8

ஒன்று பாக்கி. நான் தேடும் வாக்கியம்.

வகுளா புடவை மாற்றிக்கொண்டு வந்தபோது நான் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "சமயம் பாத்துக் கக்கறது பாரு, சனியன்" என்றேன். செல்லமாகத்தான். வகுளா செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னாள். சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. கீழே இருப்பது அதுதான், ஒரு சொல்லையும் நான் திருத்தவில்லை. புத்தகத்தில் பாதிதான் தாண்டியிருக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை.

"அவளை ஏன் சொல்றேள்? பால் குடிச்சு ஏப்பம் விடாத குழந்தையை வெடுக்குன்னு தூக்கினா கக்கத்தான் கக்கும். தூக்கினது நான். புஸ்தகத்துலயே போட்டிருக்கு, வேணும்னா பாத்துக்கோங்கோ."