தலையணைக்குள் தூங்கிய புழுக்கள்

பண்டரிபுரத்து விட்டலன் சத்தியமாக இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யென்றால் சொன்னவன் காட்டில் சோளம்கூட முளைக்கக் கூடாது.

மகாராஷ்டிரத்து யவத்மாள் பக்கத்துக் கரிசலில் தௌலத்ராவுக்கு நான்கு ஏக்கர் பருத்திக் காடு. புது விதை வந்த அந்த முதல் வருடங்களைப் பற்றி அவர் இன்றும் ஓயாமல் பேசுவார். புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடிக்குள்ளேயே வைத்து அனுப்பியிருந்தார்கள். புழு காயை ஒரு கடி கடிக்கும், கொட்டாவி விடும், செத்துப்போகும். மருந்தடிக்கும் பம்பின் மேல் கோழி அடைகாத்தது. தீபாவளிக்கு முன்பே காடு வெடித்து வெள்ளையாகிவிடும். முதல் எடுப்பன்று முப்பது பெண்கள் வந்து, செடியடியில் தயிர்ச்சோறு படைத்து, இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். முதல் காயைப் பறிப்பது அவர் மனைவி சகுபாய். அவள் சிரிப்பு தார்ரோடு வரை கேட்கும்.

ஒவ்வொரு விதைப் பையோடும் ஒரு சின்னப் பொட்டலம் வரும். அதில் நஞ்சில்லாத வெறும் விதை. காட்டைச் சுற்றி ஐந்து வரிசை விதைக்கச் சொன்னார்கள். அங்கே சாதுவான புழுக்கள் பிழைத்துக் கிடக்குமாம். நஞ்சுக்குத் தப்பிய முரட்டுப் புழு ஏதாவது அவற்றோடு சேர்ந்தால், பிறக்கும் பிள்ளைகள் நஞ்சைத் தாங்காதாம்.

"புழுவுக்குப் பந்தி போட்டு, சம்பந்தமும் பேசணுமா?" என்று ஊரே சிரித்தது. பக்கத்துக் காட்டுக் குலாப் அந்தப் பொட்டலத்தை ஆட்டுக்குப் போட்டான். எதையும் எறியத் தெரியாத தௌலத்ராவ் தலையணைக்குள் அடைத்தார். பதினைந்து வருடம் அதில்தான் தூங்கினார்.

அதற்குள் இளஞ்சிவப்புக் காய்ப்புழு நஞ்சைத் தின்னப் பழகிவிட்டது. நம் ஆட்கள் பச்சைமிளகாய்த் துவையல் இல்லாமல் ரொட்டியைத் தொடுவார்களா? அதுபோல நஞ்சில்லாத காய் அதற்கு இறங்கவில்லை. மூன்று வருடம் காய்கள் பாதி வாயைத் திறந்து பழுப்பாக நின்றன.

மகன் மங்கேஷ் சொன்னான்: "பாபா, இதான் கடைசி வருஷம். முதல் எடுப்புல ஒரு வண்டி நெறயலேன்னா அப்புறம் சோயாதான். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

சகுபாய் பருத்தி எடுக்கும் துணியை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். அதைத்தான் தௌலத்ராவால் தாங்க முடியவில்லை. தலையணையைக் கிழித்து, காட்டைச் சுற்றி ஐந்து வரிசை விதைத்தார்.

விதை முளைத்தது. விதைக்குள் பதினைந்து வருடமாகத் தூங்கிய புழுக்களும் சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்தன. எல்லாம் அந்தக் காலத்துப் புழுக்கள். குடும்பத்துக்கு ஒரு காய்தான் தின்னும், தின்ற காயின் வாசலைக் கூட்டிவிட்டுப் படுக்கும். தௌலத்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணா, புழுவப் பாத்தா அழறீங்க?" என்றான் குலாப்.

"பழைய ஆளுங்கடா. உன்ன மாதிரியா?"

புழுக்கள் அந்துப்பூச்சிகளாகிக் கல்யாண வயதுக்கு வந்தன. நடுக்காட்டு முரட்டுக் குடும்பங்கள் முறுக்கிக்கொண்டன. நஞ்சு சாப்பிடத் தெரியாத வீட்டில் பெண் கொடுப்பார்களா? சகுபாய் வரப்பில் நின்று பேசினாள்: "குடும்பம் பழசு, குணம் தங்கம். நாசமாப் போற உங்க பொண்ணுங்களுக்கு வேற என்ன வேணும்?" அவை இறங்கிவந்தன. ஆனால் அவளே ஒரு முட்டுக்கட்டை போட்டாள்.

"ஏங்க, தீபாவளி முடிஞ்சு துளசிக் கல்யாணம் ஆகாம யாருக்குக் கல்யாணம் பண்ணுவாங்க? அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு."

"பூச்சி ஒரு வாரம் இருந்தா பெருசு, சகு."

"அதுக்காக? முறைன்னு ஒண்ணு இல்லையா?"

கடைசியில் துளசித் தொட்டியை வரப்புக்கே தூக்கிவந்து, சுற்றிலும் கரும்பு நட்டு, கொட்டுகிற மழையில் துளசிக்கு அவசரக் கல்யாணம் முடித்தார்கள். கையோடு பூச்சிகள் தலையிலும் மஞ்சளரிசி விழுந்தது. குலாப் வாசலில் நின்று வெற்றிலை கொடுத்தான். பெண் வீட்டார் சாப்பாட்டில் காரம் போதவில்லை என்று குறை சொன்னார்கள்.

பிறந்த பிள்ளைகள் அப்பனைக் கொண்டிருந்தன. காயை ஒரு கடி கடித்தன, கொட்டாவி விட்டன, செத்துப்போயின.

தீபாவளிக்கு முன்பே காடு வெடித்தது. நாக்பூருக்குப் போன விமானம் மேகம் என்று நினைத்து விலகிப் போனது. முப்பது பெண்களும் வந்தார்கள். தயிர்ச்சோறு படைத்து, முதல் காயைச் சகுபாய் பறித்தாள். சிரித்தாள். தார்ரோட்டில் போன பஸ் நின்று கேட்டுவிட்டுப் போனது. மதியத்துக்குள் இரண்டு வண்டி நிறைந்துவிட்டது.

மங்கேஷ் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சரி பாபா. அடுத்த வருஷமும் பருத்தியே போடுங்க" என்றான்.

உண்மையில் தௌலத்ராவ் தலையணையைக் கிழிக்கவே இல்லை; மங்கேஷ் கெடு வைத்த அதே வருடம், முதல் மழை விழுந்த மறுநாளே, நான்கு ஏக்கரிலும் மங்கேஷ் சோயா விதைத்து முடித்திருந்தான்.