ஏழாம் வகுப்பில் கடல்

பூரணாங்குப்பத்துக்கு அடுத்த சிற்றூரில், பாடம் நின்றால் அரசுப் பள்ளியின் ஏழாம் வகுப்புக்குள் கடல்தண்ணீர் வரும். பக்கத்து எட்டாம் வகுப்பில் ஒரு சொட்டு இருக்காது. ஆசிரியை சாக்பீஸ் தேடினால் கணுக்கால், வருகைப்பதிவை இழுத்தடித்தால் முழங்கால். பிள்ளைகள் விடுவார்களா? புத்தகப்பையைப் படகாக்கிச் சண்டைக்கு இறங்கிவிடுவார்கள். உழவர் வீட்டார் கரும்புக்கொல்லை மோட்டாரைக் கொண்டுவந்து இறைத்தார்கள். மீனவர் வீட்டார் கடலம்மாவுக்குத் தேங்காய் உடைத்தார்கள். தண்ணீர் இரண்டையும் மதிக்கவில்லை.

புதிதாக வந்த புவனேஸ்வரி டீச்சர் முதலில் கத்திப் பார்த்தார். கத்தக் கத்த நீர் ஏறியது. பிரம்பெடுத்தார், பிரம்பு மிதந்து போனது. இப்படியே போனால் வகுப்பை மூடிப் பிள்ளைகளை அபிஷேகப்பாக்கம் பள்ளிக்கு அனுப்பிவிடுவோம் என்று கல்வித்துறையிலிருந்து சேதி வந்தது. பையன்கள் போய்விடுவார்கள், பெண்பிள்ளைகளின் படிப்புதான் நின்றுபோகும். மீன் விற்கும் காசம்மாள் முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "பஸ்சு ஏத்தியெல்லாம் அனுப்ப மாட்டேன் டீச்சர். எம் பொண்ணு சத்யா எங்கூட கூடை தூக்கட்டும்."

அன்றிரவு டீச்சர், தண்ணீர் எப்போதெல்லாம் வந்தது என்று யோசித்துப் பார்த்தார். பிள்ளைகள் வாலுத்தனம் செய்த பிறகு அல்ல, அதற்கு முன்பே, அவர்கள் கை சும்மா இருந்தபோது. மறுநாள் மணியடிக்குமுன்பே கரும்பலகை நிறைய எழுதிவைத்தார். நுழைந்ததும் ஆளுக்கொரு கணக்கு, முடித்தவருக்கு அடுத்தது தயார். பெஞ்சுகளுக்கு இடையே நடந்துகொண்டே, முதலில் கேள்வியைக் கேட்டார், எல்லோரும் யோசித்த பிறகே ஒரு பெயரைச் சொன்னார். தரை காய்ந்து உப்புப் பூத்தது.

வகுப்பை மூடலாமா என்று பார்வையிட வந்த அதிகாரி பாடம் முடியும்வரை பின்பெஞ்சில் இருந்தார். ஈரமே இல்லை. "தண்ணி வருதுன்னு கதை கட்டிட்டீங்க" என்று எழுந்தவர், ஒழுக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இரண்டாவது பழமொழியில் அவர் செருப்பு மிதந்தது. பின்வரிசையில் கிள்ளலும் தள்ளலும் தொடங்கின. கெட்டது குடி என்று நினைத்த டீச்சர், வேலை போனாலும் போகட்டுமென்று அதிகாரியை மறித்தார்.

"சார், ஒரு நிமிஷம். புள்ளைங்களா, குடத்துக்குப் பதினஞ்சு லிட்டர்னா இந்த ரூம்ல எத்தனை குடம் தண்ணி இருக்குது?"

பையன்கள் சுவரை அளக்க ஓடினார்கள். சத்யா அதிகாரியின் முழங்காலில் ஸ்கேலை வைத்தாள். "இன்னா டீச்சர் இது, அளக்கறதுக்குள்ள எறங்கிப்போவுது!" என்று கோபித்துக்கொண்டாள்.

அதிகாரி பேன்ட்டைப் பிழிந்துகொண்டே, வகுப்பு இங்கேயே இருக்கட்டும் என்றார். இருக்கிறது. யாராவது பேச வந்தால் மட்டும், ஏறி நிற்க ஒரு ஸ்டூல் போட்டுவிடுகிறார்கள்.