ரோந்து முடிந்ததா?

1995 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, காலைச் சாப்பாட்டுக்கு முட்டை பரிமாறிக்கொண்டிருந்த நேரத்தில், வட துருவப் பனிக்கு இருநூறு மீட்டர் கீழே போய்க்கொண்டிருந்த நீர்மூழ்கியை வெளியிலிருந்து யாரோ சுத்தியலால் தட்டினார்கள். மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி தட்டு.

"பீட்சா சனிக்கிழமைதானே? எவன்டா இன்னிக்கே சொன்னது?" என்றான் சமையல்காரன் கோவல்ஸ்கி.

அது சண்டைக்குப் போன நீர்மூழ்கி அல்ல. மூன்று விஞ்ஞானிகளை ஏற்றிக்கொண்டு கடல்தரையை வரைபடமாக்கப் போனது. அடிவயிற்றிலிருந்த சோனார் கீழே ஒலியை அனுப்பும். எதிரொலி திரும்பி வரும் நேரத்தை வைத்துக் கருவி மலையும் பள்ளமுமாகக் காகிதத்தில் வரையும். அந்தக் காகிதத்தின் முன் இருந்தவன் டுவைட் ஹாலோரன். தட்டல் கேட்ட அதே நிமிடம், ஆயிரத்து நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு முகட்டின் மேல் சுருட்டு வடிவில் கறை விழுந்தது. அளந்து பார்த்தான். எண்பத்தைந்து மீட்டர். அவனுக்கு நான்கு வயதாக இருக்கும்போது அப்பா வெண்டல் தொண்ணூற்றாறு பேரோடு ஏறிப்போய்த் திரும்பாத நீர்மூழ்கியின் நீளம் அது.

தொலைந்த நீர்மூழ்கியை மூழ்கியது என்று அந்தத் தொழிலில் யாரும் சொல்வதில்லை. இன்னும் ரோந்தில் இருக்கிறது என்பார்கள். வீட்டாருக்கு ஆறுதலாகச் சொன்னதை கடற்படை அலுவலகமும் அப்படியே எழுதி வைத்திருந்தது. ரோந்தில் இருப்பவர்கள் மேலிடம் கூப்பிடாமல் திரும்பக் கூடாது என்பது விதி. முப்பது வருடமாக யாரும் கூப்பிடவில்லை. தட்டலை மோர்ஸ் எழுத்தாகப் பிரித்தபோது டுவைட்டுக்கு விஷயம் புரிந்தது. ரோந்து முடிந்ததா என்று கீழே இருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேப்டன் கையை விரித்தார். "இல்லாத படகுக்கு மேலிடம் எப்படிய்யா உத்தரவு போடும்?"

டுவைட் ஸ்பானரை எடுத்து, முடிந்தது, வீட்டுக்கு வாங்க என்று சுவரில் தட்டினான். நீர்மூழ்கிக்குள் சத்தம் போட்ட குற்றத்துக்கு அவனைப் பதவியில் ஒரு படி கீழே இறக்கினார்கள்.

அடுத்த வருடக் கணக்கெடுப்பில் முகடு காலியாக இருந்தது. அங்கிருந்து தெற்கே முந்நூறு மைலுக்கு, ஏர் உழுதது போல ஒரு கோடு. பனிப்பாறை இழுத்த தடம் என்று விஞ்ஞானிகள் எழுதினார்கள். கோட்டின் முனையிலிருந்த கறையைக் கருவியின் இரைச்சல் என்று அழித்தார்கள். டுவைட் கணக்குப் போட்டு, நீர்மூழ்கிகளின் துறைமுக ஊரான க்ரோட்டனிலிருந்த அம்மா லொரெயினுக்கு ஃபோன் செய்தான்.

"நான் இருக்கும்போதே வந்துருவாராடா?"

"இன்னும் பத்து வருஷம் ஆகும்மா."

"எனக்கு அறுபத்திரண்டுதான். தாங்கும்," என்று ஃபோனை வைத்தாள்.

ஃபிரிட்ஜ் கதவில் வரைபடத்தை ஒட்டி, வருடம் ஒரு பென்சில் கோடு நீட்டினாள். பனிக்கடலைத் தாண்டிய பிறகு மீன்பிடிப் படகுகளின் சோனாரில் கறை தெரிந்தது. மீனவர்கள் வலையைச் சுருட்டி வழிவிட்டார்கள். கோடு பாஸ்டனைக் கடந்த வருடம் அம்மாவுக்கு நுரையீரலில் நோய் வந்தது. வெண்டலின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். 2006 அக்டோபரில், நாற்பது மைல் மீதமிருக்கும்போது, இறந்துபோனாள்.

டிசம்பர் இரண்டாம் தேதி மதியம் நீர்மூழ்கி க்ரோட்டன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. முன் அனுமதி வாங்கவில்லை என்று துறைமுக அதிகாரி குறைபட்டுக்கொண்டார். உள்ளிருந்தவர்கள் போன வயதிலேயே, தண்ணீர் சொட்டச் சொட்ட இறங்கினார்கள். முப்பத்திரண்டு வயது வெண்டல், நாற்பத்தைந்து வயது மகனைக் காதுகளை வைத்து அடையாளம் கண்டுபிடித்து, அவன் கையிலிருந்த வெள்ளைச் சட்டையை வாங்கிக்கொண்டு கூட்டத்தில் தேடினான்.

"அம்மா எங்கடா?"

"அம்மா இன்னும் ரோந்துல இருக்காங்கப்பா."